யாருக்குக் காது குத்தினோம், அண்ணே?

உங்க கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டுட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டே மலையேறின என் கருப்பையா அண்ணே!

செத்தவங்களுக்கு எழுதுற கடிதத்தை எந்தத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்? அதனால பத்திரிகைக்கு எழுதுறேன். உங்களுக்குச் சேர வேண்டியது உங்களுக்குச் சேரட்டும். நம்ம லயத்து வரிசை வீட்டு ஆளுங்களுக்குச் சேர வேண்டியது அவங்களுக்குச் சேரட்டும். குசுகுசுன்னு பேசிப் பேசியே கெட்டுப்போன விஷயம் இது. இனிமேலாவது நாலு பேர் காதுல விழுற மாதிரி பேசுவோம்.

தீபாவளிக்குத் துணி எடுக்க நானும் என் மக பூங்காவனமும் அட்டனுக்குப் போனோம். நீங்க மடியில வச்சிருந்த அதே பிள்ளைதான். இப்ப தாவணி போடுறா, என்னைவிட ஒசரம். கடைக்காரர் ஒரு சீத்தைத் துணியை விரிச்சு, சாயம் போகவே போகாதுன்னு சத்தியம் பண்ணினார். இவ சும்மா இருக்காம, "எங்களுக்கே காது குத்துறீங்களா?"ன்னு வெடுக்குன்னு கேட்டுட்டா. கடையில இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

"இந்தப் பேச்சு எங்க தோட்டத்துல பிறந்தது, தெரியுமா உங்களுக்கு?"ன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன்.

"யாரும்மா சொன்னா? எங்க ஊர்ல பாட்டன் காலத்துலயிருந்தே பேசுறாங்க. பிள்ளை வாயில வெல்லத்தை வச்சு, அந்தா பாரு காக்கான்னு கையைக் காட்டி, அது அங்கிட்டுத் திரும்புறப்ப இங்கிட்டுக் குத்திடறாங்கல்ல? ஏமாத்துறதுக்கு அதைவிட வேற என்ன பேரு வைக்கிறது?"

அவர் சொன்னது நியாயமாத்தான் பட்டது. ஆனா நீங்க வேற மாதிரி சொன்னீங்களே. "இது என் தங்கச்சி வாயில பிறந்த வார்த்தை, இங்கேயிருந்துதான் ஊரெல்லாம் போச்சு"ன்னு சொல்லுவீங்க. நானுஓயாப் பக்கம் போன பிறகும் அங்க இருந்தவங்ககிட்ட அதையே சொல்லிக்கிட்டு இருந்தீங்களாம். என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னு போனவர், என்னைப் பத்தி மட்டும் பெருமை பேசினீங்களா அண்ணே?

இல்லை, நம்ம அம்மா திருச்சிப் பக்கத்துலயிருந்து கொண்டுவந்த பேச்சு என் மனசுல எங்கேயோ தங்கியிருந்து, அன்னிக்கு வெளியே வந்துச்சோ? எனக்குத் தெரியலை. எதையும் சட்டுன்னு நம்புற சுபாவம் எனக்கு இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

இதைப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. அந்த ஞாயித்துக்கிழமையைச் சொல்லிடறேன்.

தேயிலைத் தோட்டத்து ஆளுங்க நமக்கு இலங்கையில ஓட்டு இல்லைன்னு ஆனதுக்கு மறுவருஷம் அது. லயத்துக் கூரை ஒழுகி எல்லார் வீட்டிலயும் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். தகரம் மாத்தித் தரச் சொல்லித் துரைகிட்ட நீங்க போய்க் கேட்டீங்க. துரை காதுல வாங்கலை. தொழிலாளர் சங்கத்துல சேருவோம்னு நீங்க சொன்னீங்க. ஆனா சங்கத்து ஆளு தோட்டத்துக்குள்ள கால் வைக்க முடியாது. நாலு ஆம்பளைங்க ஒரு இடத்துல நின்னா, எங்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளை வந்து நிப்பார். கொழுந்து எடுக்கிற மலையிலயும் அவர் கண்ணு, லயத்திலயும் அவர் கண்ணு. கல்யாணம், சடங்கு, சாவு, இதுக்கு மட்டும்தான் வெளியாளை உள்ள விடுவாங்க.

ஒரு நாள் லயத்துல எங்க வீட்டுக் காம்பிராவுக்கு வந்தீங்க. "தங்கச்சி, பிள்ளைக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காது குத்திருவோம். அட்டன்லேருந்து ஆசாரி வர்றாரு. நான் தாய்மாமன், எல்லாம் என் பொறுப்பு"ன்னு சொன்னீங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. அதே நேரம் லேசா ஒரு சந்தேகமும் வந்தது. ஏன் இவ்வளவு அவசரம்? ஏன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசலை? என் வீட்டுக்காரர், உங்க மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். "மச்சான் ஆசைப்படறாரு, விடேன்"னு சொல்லிட்டு, மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிட்டார்.

ஞாயித்துக்கிழமை வந்தது. வாசல்ல மாவிலை கட்டினீங்க. பொம்பளைங்க நாங்க பச்சரிசி இடிச்சு, வெல்லம் போட்டு மாவு பிசைஞ்சோம். ஆம்பளைங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. மேல் கணக்குப் பிரிவு லயத்து ஆம்பளைங்க, பக்கத்து டிவிசன் ஆம்பளைங்க. பொண்டாட்டி பிள்ளைங்க கூட வரலை. காதுகுத்துக்கு ஆம்பளை மட்டும் தனியா வருவானா? ராக்கு அண்ணிகிட்ட கேட்டேன். அண்ணிக்கும் தெரியலை. "உங்க அண்ணன் தோட்டத்தையே கூப்பிட்டிருக்காரு போல"ன்னு சொன்னாங்க.

ஆசாரி வந்தார். வெள்ளை வேட்டி, துணிப் பை. உட்கார்ந்தார், பையைத் திறக்கலை. "நல்ல நேரம் இன்னும் வரலை"ன்னார். நான் அவர் கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நெருப்புல வேலை செய்யிறவர் விரல்ல சூட்டுத் தழும்பு இருக்கும்ல? இவர் விரல்ல இருந்தது நீலமா மைக்கறை.

அப்பத்தான் கணக்கப்பிள்ளை வந்தார். யாரும் கூப்பிடலை. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில கிடந்த பெஞ்சியில உட்கார்ந்து, தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டார். பேசிக்கிட்டு இருந்த ஆம்பளைங்க எல்லாரும் வாயை மூடிட்டாங்க.

"என்ன ஆசாரி, குத்துங்க. பார்த்துட்டுப் போறேன்"னார்.

"இன்னும் நேரம்..."

"நல்ல நேரம்தான். நான் பஞ்சாங்கம் பார்த்துட்டுத்தான் வர்றேன். குத்துங்க."

மைக்கறை விரல் பைக்குள்ள போச்சு, ஊசியோட வெளியே வந்தது. ஊசியைப் பேனா பிடிக்கிற மாதிரிப் பிடிச்சார். பூங்காவனம் உங்க மடியில வெல்லத்தைச் சப்பிக்கிட்டு, ஒண்ணும் தெரியாமச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. நீங்க தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீங்க. அத்தனை நாள் என் முகத்தைப் பார்க்காத நீங்க, அப்பத்தான் பார்த்தீங்க. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. இவர் ஆசாரி இல்லை. இது காதுகுத்து இல்லை, சங்கத்துக் கூட்டம். இப்ப இந்த ஆளு ஊசியைக் கீழே போட்டா, இங்க இருக்கிற எல்லாருக்கும் வேலை போயிடும்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருக்கணும். போகலை. அந்த ஆளு பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"எங்க வழக்கத்துல பெத்தவதான் குத்தணும். ஊசியைக் கொடுங்க ஆசாரி."

அப்படி ஒரு வழக்கம் நமக்கு எங்கே இருக்கு? அவர் கொடுத்தார். உங்க கை பிள்ளை தலையை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. நானே குத்தினேன், ரெண்டு காதும். பூங்காவனம் வீல்னு கத்தினா. பொம்பளைங்க குலவை போட்டாங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? கணக்கப்பிள்ளை எழுந்திரிச்சு, பிள்ளை கன்னத்தைத் தட்டிட்டு, ஒரு வாய் மாவு வாங்கித் தின்னுட்டுப் போனார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

அவர் தலை மறைஞ்சதும் நான் உங்களையும் உங்க மாப்பிள்ளையையும் பார்த்துத் திரும்பினேன். "பிள்ளைக்குக் காது குத்துறேன்னு சொல்லிட்டு, எனக்கே காது குத்தினீங்களா ரெண்டு பேரும்?"

அப்புறம் நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க. அத்தனை நேரம் அடக்கி வச்சிருந்த பயமெல்லாம் சிரிப்பா வந்தது. அந்த மைக்கறைக்காரர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அவர் பேரு நடேசன், சங்கத்து ஆபீஸ்ல எழுதுறவர்னு பிறகுதான் சொன்னீங்க. "பொம்பளைங்ககிட்ட சொன்னா பீலியில தண்ணி பிடிக்கிறப்ப பேசிருவீங்கன்னுதான் சொல்லலை"ன்னு ஒரு காரணமும் சொன்னீங்க. அதை நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கலை.

மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல எல்லார் பேரையும் கூப்பிட்டாங்க. உங்க பேரைக் கூப்பிடலை. வெளியாளைத் தோட்டத்துக்குள்ள கொண்டுவந்த குத்தம். லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

அப்ப ஆரம்பிச்சதுதான் அந்தக் கேள்வி. வந்தது ஆசாரி இல்லைன்னு கணக்கப்பிள்ளைகிட்ட யார் சொன்னது?

நீங்க நேரா யாரையும் கேட்கலை. பார்த்துக்கிட்டே இருந்தீங்க. எங்க வீட்டுல ஒரு மாடு நின்னது. கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் காலையில பால் ஊத்துறது உங்க மாப்பிள்ளைதான். அந்த ஞாயித்துக்கிழமையும் ஊத்திட்டு வந்தார். போதாதா? இதுக்கு மேல, நீங்க லயத்தைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள், பெரட்டுல எல்லாரும் பார்க்கக் கணக்கப்பிள்ளை இவர் தோள்ல கையைப் போட்டு, என்னமோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார். ஓரமா நின்ன உங்க முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். "என்ன பேசினாரு?"ன்னு வீட்டுல இவர்கிட்ட கேட்டேன். "மாடு எப்ப கன்னு போடும்னு கேட்டாரு"ன்னு சொன்னார். அதுக்கா அவ்வளவு சிரிப்பு?

நீங்க மூட்டை முடிச்சோட கிளம்பின அன்னிக்கு அட்டன் ஸ்டேசன் வரைக்கும் நாங்களும் வந்தோம். ரயில் வர்ற நேரம், இவர் உங்க கையைப் பிடிச்சு, "மச்சான், என் பிள்ளை மேல சத்தியமா நான் சொல்லலை"ன்னார். நீங்க கையை உருவிக்கிட்டீங்க. "எனக்கே காது குத்தாதீங்க, மாப்ள"ன்னு சொன்னீங்க. என் வார்த்தையை எடுத்து, என் புருஷன் மேலேயே போட்டீங்க. ரயில் போயிடுச்சு.

அதுக்கப்புறம் அந்த வார்த்தைக்குக் கால் முளைச்சது. இவர் எதைச் சொன்னாலும், "எங்களுக்கே காது குத்துறியா?"ன்னு ஒருத்தன் கேட்பான், மத்தவங்க சிரிப்பாங்க. இவர் வர்றதைப் பார்த்தா பேச்சு நின்னுபோகும். பாலை யாரும் வாங்கலை. மாட்டை வித்துட்டார். சங்கம் கடைசியில நம்ம தோட்டத்துக்குள்ள வந்துச்சு, தகரமும் மாத்தினாங்க. இவர் மட்டும் ஒரு கூட்டத்துக்கும் போகலை. ஒரு தரம் போனப்போ, இவரைப் பார்த்துட்டுக் கதவைச் சாத்தினாங்களாம். அதை என்கிட்ட சொல்லலை. பக்கத்துக் காம்பிராவுல சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தப் பேச்சை அட்டன் பஸ்ஸுல கேட்டிருக்கேன். கொட்டகலைக் கடைத்தெருவுல கேட்டிருக்கேன். எங்க கேட்டாலும் எனக்குத் திக்குன்னு இருக்கும், யாரோ என் வீட்டைப் பத்தித்தான் பேசுறாங்களோன்னு. துணிக்கடைக்காரர் சொன்ன மாதிரி இது பாட்டன் காலத்துப் பேச்சாவே இருக்கட்டும். அப்படி இருந்தா எனக்கு நிம்மதிதான்.

நீங்க நெஞ்சுச்சளியில போயிட்டீங்கன்னு ஆளு வந்து சொன்னப்ப, ரெண்டு பேரும் ஓடி வந்தோம். ராக்கு அண்ணி வாசல்லயே மறிச்சாங்க. "நீ உள்ள வா செல்லம்மா. காட்டிக் கொடுத்த கை என் புருஷனுக்கு வாய்க்கரிசி போடக் கூடாது"ன்னாங்க. இவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில நின்னார். உங்களைத் தூக்கிக்கிட்டுப் போறப்பவும் தள்ளியே நடந்து வந்தார். உங்களுக்கு அது தெரிஞ்சதா அண்ணே?

இப்ப சேதிக்கு வர்றேன்.

இலங்கை, இந்தியா ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து நம்மளைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. இத்தனை பேரு அங்க, இத்தனை பேரு இங்கன்னு. யார் யார்னு யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் எந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தான்னு ஒருத்தருக்கொருத்தர் நோட்டம் பார்க்கிறாங்க. நம்ம கணக்கப்பிள்ளையும் வேலையை விட்டுட்டு ஊருக்கே போறார். போறதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்க காம்பிராவுக்கு வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வச்சார். எனக்கு அந்தப் பழத்தைத் தொடப் பிடிக்கலை. இத்தனை வருஷம் இல்லாத பாசம் இன்னிக்கு எதுக்கு?

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேம்மா. அன்னிக்கு உம் புருஷன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை"ன்னார்.

நான் நின்ன இடத்துலயே நின்னேன். "அப்ப யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அந்த ஞாயித்துக்கிழமை நம்ம பக்கத்துக்கு வர்ற ஆசாரி எங்க வீட்டுல இருந்தாரு. வீட்டுக்காரிக்கு மூக்குத்தித் திருகு போயிருந்துச்சு. 'லயத்துல காதுகுத்தாமே, அங்கேயும் நீங்கதானே?'ன்னு சும்மா கேட்டேன். 'என்னை யாரும் கூப்பிடலையே ஐயா'ன்னாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல அவரை விட்டா வேற ஆசாரி யாரு? அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுக்கிட்டேவா என் பிள்ளை காதைக் குத்தச் சொன்னீங்க?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"சரி, அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல? எங்க அண்ணன் செத்ததுக்குப் பிறகாவது?"

வாழைப்பழச் சீப்பை ஓரமாத் தள்ளி வச்சார். அப்புறம் சொன்னார்: "உங்க ஆளுங்க ஒருத்தனையொருத்தன் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தா எனக்கு வேலை சுலபம்மா. கருப்பையாவுக்கு உம் புருஷன் மேல சந்தேகம்னு காதுல விழுந்துச்சு. அதனாலதான் பெரட்டுல அவன் தோள்ல கையைப் போட்டேன். மாடு எப்ப கன்னு போடும்னுதான் கேட்டேன்."

அண்ணே, அந்தத் தோள்ல போட்ட கை உங்களை எங்ககிட்டயிருந்து பிரிச்சது. அவ்வளவு சாதாரணமாச் சொன்னார். நான் கத்தலை. வாழைப்பழத்தை எடுத்து அவர் கையிலயே கொடுத்துட்டேன்.

ஆனா பாருங்க, அவர் போனதும் என் மனசு சும்மா இருக்கலை. இந்தக் கணக்கப்பிள்ளையும் எனக்குக் காது குத்துறாரோ? போற காலத்துல புண்ணியம் தேடிக்கிறதுக்கு ஒரு கதை சொல்லிட்டுப் போறாரோ? மறுநாளே அட்டனுக்குப் போய் அந்த ஆசாரியைத் தேடிப் பிடிச்சேன். இப்ப அவருக்குக் கண் சரியாத் தெரியலை, மகன்தான் வேலை பார்க்கிறார். முதல்ல ஞாபகம் இல்லைன்னார். "பொம்பளை ஒருத்தி, பெத்தவளே பிள்ளைக்குக் காது குத்தின நாள்"னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கதையா! ஊரே பேசுச்சே. அன்னிக்கு நான் கணக்கப்பிள்ளை வீட்டுலல்ல இருந்தேன்? என்கிட்ட கேட்டாரு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். அதனால யாருக்காவது கெடுதலாப் போச்சாம்மா?"

இல்லைங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுல உங்க மாப்பிள்ளை, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கிட்டு இருந்தார். கணக்கப்பிள்ளை வந்தது, ஆசாரியைப் பார்த்தது, எல்லாத்தையும் சொன்னேன். தீட்டுறதை நிறுத்தலை. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"ஆசாரிகிட்ட எதுக்குப் போய்க் கேட்ட? நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நான் சொல்லலைன்னு."

"கணக்கப்பிள்ளை பேச்சை நம்பலை. அதான் போனேன்"னு சொன்னேன். அது நிஜம்தான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பினாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியலை, அண்ணே.

கொஞ்சம் கழிச்சு, "மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்"னார். அவ்வளவுதான். உங்க மேல ஒரு வார்த்தை குறை சொல்லலை. சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

ராக்கு அண்ணி பிள்ளைங்களோட இந்தியாவுக்குப் போறதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். கப்பல் எப்பன்னு தெரியலை. அவங்க போயிட்டா, இந்தத் தப்பும் அவங்களோட கடல் தாண்டிப் போயிடும். அங்க உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் எங்க வீட்டுக்காரர் காட்டிக் கொடுத்தவராவே இருப்பார். அதுக்கு நான் விட மாட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை ரயில்ல நாங்க ரெண்டு பேரும் நானுஓயாவுக்கு வர்றோம். இவர் முதல்ல வரலைன்னார். அப்புறம் தானாவே வெள்ளை வேட்டியை எடுத்துத் துவைச்சுக் காயப்போட்டிருக்கார். அண்ணி சட்டுன்னு நம்ப மாட்டாங்க. நானே நம்பலையே, அவங்க எப்படி நம்புவாங்க? வாசல்ல நிறுத்தினா வாசல்ல நின்னே சொல்லுவேன். கதவைச் சாத்தினா கதவுக்கு வெளியே உட்கார்ந்து சொல்லுவேன். அவங்க கப்பல் ஏறுற வரைக்கும் வந்து வந்து சொல்லுவேன். அப்புறம் உங்க மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உங்க குழிமேட்டுக்கு வருவேன். அன்னிக்குப் போட முடியாத அரிசியை அவர் கையால போட வைப்பேன்.

இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு, அண்ணே. இதை நீங்க தாராளமா நம்பலாம்.

இப்படிக்கு,
உங்க கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
செல்லம்மா